'கிராக் குழந்தைகள்': ஒரு முத்திரையின் கதை



கர்ப்ப காலத்தில் தாய் போதைப் பொருள் எடுத்தால் பிறக்கும் பிள்ளை உருப்படவே உருப்படாது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இதை ஒரு நாடே நம்பிய காலம் உண்டு. அமெரிக்காவில் நடந்தது. பதிவு சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1980-களின் நடுவில் அந்நாட்டு நகரங்களில் 'கிராக்' பரவியது. புகைப்பதற்கேற்பக் கட்டியாக்கிய கொக்கைன்தான் கிராக். மலிவாகக் கிடைத்ததால் ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. 1985-இல் சிகாகோ மருத்துவர் ஐரா சேஸ்னாஃப் குழுவினர், கொக்கைன் பயன்படுத்திய 23 கர்ப்பிணிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது ஒரு சிறிய ஆய்வு, முதல் எச்சரிக்கை மட்டுமே. ஆனால் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரு தலைமுறையே மூளை பழுதாகிப் பிறக்கிறது, பள்ளிகளால் இவர்களைச் சமாளிக்க முடியாது என்று எழுதின. 'கிராக் குழந்தை' என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

கொக்கைனால் கெடுதல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைச் சென்றடைகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கருவுக்குப் போகும் ரத்தமும் உயிர்வாயுவும் குறைகின்றன. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிடும் அபாயம் உண்டு. குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் அதிகம். பிறந்த பிறகும் தாய்ப்பால் வழியாகப் போகும். ஆகவே பயம் முழுக்கப் பொய்யல்ல, அளவுதான் மிகையானது.

அந்த மிகையின் விலையைத் தாய்மார்கள் கொடுத்தார்கள். தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன் நகரில், 1989 முதல், அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, முடிவைப் போலீசாருக்குக் கொடுத்தார்கள். 30 பெண்கள் கைதானார்கள். அவர்களில் 29 பேர் கறுப்பினத்தவர். சம்மதமின்றி இப்படிச் சோதிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. போலீசுக்குப் பயந்து ஒரு கர்ப்பிணி மருத்துவரிடம் போகாமலே இருந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு?

இதே காலத்தில் பிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் பொறுமையாக ஒரு வேலை செய்தார். 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பேரின் தாய்மார்கள் கொக்கைன் எடுத்தவர்கள். மீதிப் பாதி எடுக்காதவர்கள். எல்லாருமே ஏழைக் குடும்பங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். நான்கு வயதில் நுண்ணறிவு ஈவு பார்த்தபோது ஒரு பக்கம் 79, மறுபக்கம் 82. இரண்டுமே சராசரியை விடக் குறைவு. ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை!

அப்படியானால் இரண்டு பக்கமும் குழந்தைகளைக் கீழே இழுத்தது எது? வறுமைதான் என்றார் ஹர்ட். ஏழு வயதுக்குள் அந்தக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். மூன்றில் ஒருவர், மனிதரைச் சுடுவதையே கண்ணால் பார்த்திருந்தார். அன்பான பேச்சும் அரவணைப்பும் கிடைத்த வீட்டுப் பிள்ளைகள், எந்தப் பக்கத்தில் இருந்தாலும், மேலாகவே இருந்தார்கள்.

2001-இல் பாஸ்டன் மருத்துவர் டெபோரா ஃப்ராங்க் குழுவினர் 36 ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு வயது வரையிலான வளர்ச்சியிலும் மொழியிலும் கொக்கைனால் மட்டுமே வந்தது என்று சொல்லும்படியான பெரிய பாதிப்பு தெரியவில்லை. கவனம் செலுத்துவதில் சிறிய வித்தியாசங்கள் சில ஆய்வுகளில் தெரிகின்றன. ஊர் பயந்த பேரழிவு வரவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். 'இது கிராக் குழந்தை' என்று கேட்ட பிறகு ஓர் ஆசிரியர் அந்தப் பிள்ளையை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பாடம் தொடங்கும் முன்பே மதிப்பெண் போட்டாயிற்று. நம் வகுப்பிலும் 'குடிகாரன் பிள்ளை' என்ற பேச்சு காதில் விழும். கர்ப்பிணிக்குச் சிகிச்சையும், பிறந்த குழந்தைக்குச் சோறும் அன்பும் எழுத்தும் கொடுப்போம். முத்திரை மட்டும் வேண்டாம்.