ஊர் ஆஸ்பத்திரியும் அரச காப்புறுதியும்: எது எதற்குப் பயன்படும்?

இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறக் காப்புறுதி தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைப் பார்ப்பதும், அங்கே இருக்கும் மருந்தை எடுப்பதும், பொது விடுதியில் தங்குவதும் இலவசம். ஆனாலும் நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்தெடுக்கவே வன்னியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகிறவர்களும், கடன்பட்டுத் தனியார் கிளினிக்கில் காசு கட்டுகிறவர்களும் உண்டு. அன்றாட உழைப்பில் வாழும் குடும்பத்துக்கு அது ஒருநாள் சம்பளத்தையும் சேர்த்து இழப்பதாகும்.

ஊரில் என்ன இருக்கிறது?

முன்பு மத்திய மருந்தகம், டிஸ்பென்சரி என்று அறியப்பட்ட இடங்கள் இன்று ‘ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு’ எனப்படுகின்றன. இங்கே தங்கிச் சிகிச்சை பெறும் வசதி இல்லை. அதற்கு அடுத்தது பிரதேச வைத்தியசாலை. கட்டில்களின் எண்ணிக்கைப்படி இது ஏ, பி, சி என மூன்று தரம்: நூறுக்கு மேல் ஏ, 50 முதல் 100 வரை பி, அதற்குக் குறைந்தால் சி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் இவை மாகாண சபையின் பொறுப்பில் உள்ளன. யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. எனவே ஊர் வைத்தியசாலையில் ஆளணி, மருந்துக் குறைபாடு இருந்தால் முறையிட வேண்டியது மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம்.

2011 முதல் இத்தகைய வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் தொடங்கப்பட்டன. 35 வயதைக் கடந்தவர்கள் நோய் எதுவும் தெரியாவிட்டாலும் அங்கே போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் நிறை ஆகியவற்றைப் பரிசோதிக்கலாம்.

காப்புறுதி யாருக்கு?

அரச ஊழியர்களுக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. சம்பளத்தில் மாதாந்தம் கழிக்கப்படும் பணத்தில் இயங்கும் இதனைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. பாடசாலை மாணவர்களுக்கு 2017இல் தொடங்கப்பட்ட ‘சுரக்ஷா’ உள்ளது. பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகும். தனியார் வைத்தியசாலைச் செலவுக்கு மட்டும்தான் இவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அரச வைத்தியசாலையில் தங்கிய நாட்களுக்கும் கொடுப்பனவு கோரலாம். அதற்கு வீடு திரும்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டை அவசியம். அதைத் தொலைத்தால் உரிமையும் பெரும்பாலும் அதோடு போய்விடும். விதிகள் மாறுவதால், நடப்பு எல்லைகளைப் பாடசாலையிலோ அலுவலகத்திலோ கேட்டறிய வேண்டும்.

விவசாயி, மீனவர், கூலித் தொழிலாளி ஆகியோரில் பெரும்பாலானோர் இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. அவர்களுக்கு ஊர் வைத்தியசாலைதான் காப்புறுதி. அங்கே வைத்தியர் வெற்றிடம் நிரப்பப்படாமல் கிடந்தால் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்களே.

போரில் காயப்பட்டோர் கவனத்துக்கு

இறுதிக்கட்ட இடப்பெயர்வில் மருத்துவப் பதிவுகளை இழந்தவர்கள் ஏராளம். பழைய துண்டு இல்லையென்று தயங்கத் தேவையில்லை. காயம் பட்ட காலம், செய்த சத்திரசிகிச்சை ஆகியவற்றைச் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதித் தருமாறு கேளுங்கள். அடுத்த வைத்தியருக்கு அதுவே ஆதாரமாகும்.

உடலில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தப்புலம் சில உலோகத் துண்டுகளை அசைத்து உள்ளே காயப்படுத்தக்கூடும். எக்ஸ்ரேயில் இந்த ஆபத்து இல்லை. துண்டு எங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டும்.

நித்திரையின்மை, படபடப்பு, திடீர்ப் பயம் போன்றவையும் வைத்தியரிடம் சொல்லக்கூடிய வருத்தங்களே. ஊர் வைத்தியசாலையிலிருந்து மனநல கிளினிக்குக்குக் கடிதம் பெறலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அவசரத்துக்கு 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். 2018 முதல் இச்சேவை வடக்கிலும் இயங்குகிறது.