வெளிநாட்டவருக்கு வாடகைத்தாய் தடை: பிறந்த கதை

2008இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் பிறந்த மூன்று குழந்தைகள் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டவர் இந்தியாவில் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறக் கூடாது என்ற இன்றைய தடைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

அமுல் பாலால் பெயர்பெற்ற ஆனந்துக்கு அப்போது இன்னொரு பெயரும் சேர்ந்திருந்தது. பிள்ளையில்லாத வெளிநாட்டுத் தம்பதிகள் அங்குள்ள கருத்தரிப்பு மையத்தைத் தேடி வந்தார்கள். செலவு குறைவு, தடுக்கச் சட்டமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருந்தன. ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது.

ஜூலையில் பிறந்த பெண் குழந்தை, ஜப்பானியத் தம்பதிக்காக உருவானது. விந்து கணவருடையது, கருமுட்டை தானமாகப் பெற்றது. பிரசவத்துக்கு முன்பே தம்பதி பிரிந்துவிட்டார்கள். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. தாய் என்று யார் பெயரை எழுதுவது? கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. தந்தையின் விசா முடிந்துவிட, ஜப்பானிலிருந்து பாட்டி வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நவம்பரில், நாட்டின் பெயர் இல்லாத ஓர் அடையாளச் சான்றிதழோடு குழந்தை ஜப்பான் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த இரட்டையர், ஜெர்மானியத் தம்பதிக்கானவர்கள். வாடகைத்தாய் முறையை அனுமதிக்காத ஜெர்மனி அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. சுமந்து பெற்றவர் இந்தியப் பெண் என்பதால் பிள்ளைகளும் இந்தியரே என்று 2009இல் குஜராத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், தத்தெடுப்பு வழியில் 2010இல் அவர்கள் ஜெர்மனி புறப்பட்டபோது இரண்டு வயது கடந்திருந்தது.

அந்த அலைக்கழிப்பின் பாடம் 2012இல் உள்துறை அமைச்சகத்தின் விதியில் தெரிந்தது. வரும் தம்பதி மருத்துவ விசா பெற வேண்டும். திருமணமாகி இரண்டாண்டு ஆகியிருக்க வேண்டும். பிறக்கும் குழந்தையை ஏற்போம் என்று அவர்கள் நாடு முன்கூட்டியே கடிதம் தர வேண்டும். 2015 நவம்பரில் வெளிநாட்டவருக்குக் கதவு முழுதாக அடைபட்டது. 2021இன் சட்டம், பணத்துக்காகச் சுமக்கும் முறையையே எல்லாருக்கும் குற்றமாக்கியது.

தொழில் மட்டும் நிற்கவில்லை. 2012இன் விதியால் தனியரும் ஒருபால் இணையரும் இங்கே வர முடியாமல் போக, இந்தியப் பெண்கள் நேபாளம் கொண்டுபோகப்பட்டு அங்கே அவர்களுக்காகப் பிள்ளை பெற்றார்கள். 2015இல் நேபாளமும் தாய்லாந்தும் கதவடைத்தன. தரகர்கள் கம்போடியா போனார்கள். அடுத்த ஆண்டே அதுவும் தடை செய்தது.

ஒவ்வொரு நாடும் தன் வாசலை மட்டும் சாத்திக்கொண்டால், ஏழைப் பெண்ணை அடுத்த நாட்டுக்கு அழைத்துப்போகத் தரகருக்கு வழி இருந்துகொண்டே இருக்கும். 2012இன் அந்தக் கடிதத்தில் இருந்த நியாயம் உலகப் பொது உடன்பாடாக வேண்டும்: கரு வைக்கும் முன்பே குழந்தையின் குடியுரிமை உறுதியாக வேண்டும். சுமப்பவரின் உடல்நலப் பொறுப்பும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் கருத்தரிப்பு மையம் அந்தப் பணியைத் தொடங்கவே கூடாது.