வேட்புமனு என்னும் மனு: கொங்கு உழவர்களும் தேர்தல் களமும்

தேர்தலில் நிற்க விரும்புவோர் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் அளிக்கும் தாளுக்கு வேட்புமனு என்று பெயர். வேட்பு என்பது விருப்பம், மனு என்பது குறையைச் சொல்லி ஆள்வோரிடம் நீட்டும் விண்ணப்பம். தேர்தல் சட்டம் இந்தச் சொல்லின் முதற்பாதியை மட்டுமே கணக்கில் கொள்கிறது, அதாவது தாளைத் தருபவர் பதவியை விரும்புகிறார் என்றே எடுத்துக்கொள்கிறது. 1996இல் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றபோது இரண்டாம் பாதிக்கு உயிர் வந்தது. அந்நிகழ்ச்சி இன்று பொது அறிவு வினா ஒன்றுக்கான விடையாகச் சுருங்கிக் கிடப்பது வருந்தத்தக்கது. ஏனெனில் அதன் பின்னால், கொங்கு உழவர்கள் தங்கள் குறையை அரசின் செவியில் சேர்ப்பதற்குத் தெருவையும் கட்சியையும் வாக்குச்சீட்டையும் மாறிமாறிப் பயன்படுத்திப் பார்த்த கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

கொங்கு நாட்டில் நிலத்தின் பெயரே அதன் நீரைச் சொல்லிவிடும்: வானம் பார்த்த நிலம் காடு, கிணற்று நீர் பாய்வது தோட்டம், வாய்க்கால் நீர் பாய்வது வயல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தப் பகுதியில், பழைய காலிங்கராயன் வாய்க்காலும் 1950களில் கட்டி முடிக்கப்பட்ட கீழ்பவானி அணையின் வாய்க்காலும் எட்டாத பெரும்பரப்பில், குடும்பத்தின் உயிர்நாடி தோட்டத்துக் கிணறே. காளைகளைச் சரிவில் ஓட்டித் தோல் பறியால் நீர் இறைக்கும் கவலை என்னும் முறைதான் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியதும், பின்னர் கோவைப் பட்டறைகள் பம்புசெட்டு செய்யத் தொடங்கியதும் கவலையை மெல்ல ஓய்வுபெறச் செய்தன. மோட்டார் வந்தபின் கிணறு ஆழமானது, பாசனப் பரப்பு விரிந்தது. அதோடு, நீரின் விலையை முடிவு செய்யும் அதிகாரம் மழையிடமிருந்தும் காளையிடமிருந்தும் மின்வாரியத்தின் கைக்கு மாறியது. ஆற்றுப் பாசன உழவருக்குச் சிறிய செய்தியாகத் தோன்றிய மின்கட்டண உயர்வு தோட்டக்காரருக்கு வாழ்வாதாரச் சிக்கலானது இதனால்தான்.

இந்தச் சிக்கலை இயக்கமாக்கியவர் கோவைக்கு அருகிலுள்ள வையம்பாளையத்தில் 1925இல் பிறந்த சி. நாராயணசாமி நாயுடு. யூனிட்டுக்குச் சில பைசா என்ற அளவில் கட்டணம் உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தின்போது, அந்த ஆண்டு ஜூன் மாதம், திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது விவசாயிகள் மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரத்துச் சாலைகளை நிறைத்தனர். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுவரும் அதே வண்டிகள் அன்று நகரத்தின் இயக்கத்தையே நிறுத்திவைத்தன. அவ்வாண்டு ஜூலை 5 அன்று நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பலர் மாண்டனர். அந்த நாளைத் தமிழக விவசாயச் சங்கங்கள் இன்றளவும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

ஓட்டுக் கேட்டு வருவோரெல்லாம் உழவனுக்கு உறுதிமொழி தருகின்றனர் என்றால் உழவனே ஏன் ஓட்டுக் கேட்கக் கூடாது என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. நாராயணசாமி நாயுடு 1982இல் விவசாயிகளையும் உழைப்பாளர்களையும் பெயரில் தாங்கிய கட்சியைத் தொடங்கினார். அது வேர்விடுவதற்குள், 1984 டிசம்பரில், தேர்தல் வேலையாகச் சென்றிருந்த கோவில்பட்டியில் காலமானார். ஆனால் கட்சி தோற்ற இடத்தில் கோரிக்கை வென்றது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990இல் மு. கருணாநிதி அரசு விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வழங்கின. சில பைசா உயர்வுக்காக உயிர்கள் போன மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்குள் கட்டணமே இல்லாமற்போனது என்பதும், 2003இல் அதைத் திரும்பப்பெற்ற ஜெயலலிதா அரசே அடுத்த ஆண்டு மீண்டும் வழங்க நேர்ந்தது என்பதும் அந்த இயக்கத்தின் வலிமைக்குச் சான்று. அதன் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும்: கிணறும் மோட்டாரும் உடையவருக்குத்தான் இலவச மின்சாரம் பயன்பட்டது; அதே தோட்டத்தில் கூலிக்கு உழைத்த, பெரும்பாலும் அருந்ததியரான தொழிலாளரின் குறை அந்த மேடைகளில் போதிய இடம்பெறவில்லை; கட்டணமில்லா மின்சாரம் நிலத்தடி நீரை ஆயிரம் அடிக்குக் கீழே துரத்தியதில் பங்குகொண்டது.

தோற்ற கட்சியின் கோரிக்கை ஆட்சியின் கொள்கையாக மாறுவது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ரயில் சரக்குக் கட்டணத்தாலும் கடனாலும் நொந்த உழவர்கள் 1892இல் மக்கள் கட்சி என்ற பெயரில் அதிபர் தேர்தலில் இறங்கினர். அவர்களின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளையும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் 22 இடங்களையும் பெற்றார். 1896இல் அக்கட்சி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை ஆதரித்துத் தோற்று, அதன்பின் தேய்ந்தது. எனினும் அது கேட்ட வருமான வரியும், செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913இல் அந்நாட்டு அரசமைப்பில் இடம்பெற்றன.

மொடக்குறிச்சியில் 1996இல் நடந்தது இவற்றிலிருந்து வேறுபட்டது. பாசனம் உள்ளிட்ட தங்கள் கோரிக்கைகளை ஆள்வோர் காதில் வாங்கவில்லை என்று கருதிய விவசாயிகள், கட்சி தொடங்காமலும் சாலையை மறிக்காமலும், ஆளுக்கு ஒரு வேட்புமனுவைத் தாக்கல் செய்தனர். சட்டமன்றத் தொகுதிக்கான காப்புத்தொகை, அதாவது பேச்சுவழக்கில் டெபாசிட், அன்று 250 ரூபாய்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். வேட்பாளர்களில் 88 பேர் ஒரு வாக்குகூடப் பெறவில்லை. இந்த எண்ணைத் தோல்வியின் அளவாகப் படிப்பது பிழை. தம் பெயருக்கு எதிரே தாமே முத்திரை குத்தாத ஒருவர் பதவியைக் கேட்டு வரவில்லை என்பது தெளிவு. அவர் வாக்கை வேறொருவருக்கு அளித்திருக்கலாம், ஆனால் மனுவை அரசிடம் அளித்தார்.

அரசு அந்த மனுவைப் படித்த விதம் வேறு. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் குடிநீரில் கலந்த ஃபுளோரைடுக்குத் தீர்வு கேட்ட ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் போட்டியிட்டிருந்தனர். 1996 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்துக்கான காப்புத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மக்களவைக்கானதை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சாராதவரின் மனுவைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றும் விதித்தது. 1996இல் 13,952ஆக இருந்த மக்களவை வேட்பாளர் எண்ணிக்கை 1998இல் 4,750ஆகச் சரிந்தது. ஆயிரம் பெயர் கொண்ட சீட்டில் தமக்கு வேண்டியவரைத் தேட நேர்ந்த வாக்காளரின் சிரமம் உண்மையானது, அதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் முன்மொழிவோர் எண்ணிக்கையை உயர்த்துவதும் பணத்தை உயர்த்துவதும் ஒன்றல்ல: முன்னது ஊரில் ஒருவருக்கு ஆதரவு உண்டா என்று கேட்கிறது, பின்னது அவரிடம் காசு உண்டா என்று கேட்கிறது. கூட்டத்தைக் குறைக்க முதற்கேள்வியை இன்னும் கடுமையாக்கியிருக்கலாம்; நாடாளுமன்றம் இரண்டாம் கேள்வியின் மீது பெருஞ்சுமையை ஏற்றியது. காப்புத்தொகை என்ற ஏற்பாடே பிரிட்டன் 1918இல் 150 பவுண்டு என்று வகுத்த விதியின் வழிவந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, கொங்கு உழவர்கள் வண்டிகட்டிக் கோவைக்கு வந்த அதே 1972இல், டெக்சாஸ் மாநிலத்தில் வேட்பாளர்களிடம் வாங்கப்பட்ட உயர்ந்த கட்டணம் வசதியற்றவர்களைத் தேர்தலிலிருந்து விலக்குகிறது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது.

2009இல் இந்தியாவின் காப்புத்தொகை மேலும் உயர்ந்து, மக்களவைக்கு 25,000 ரூபாயும் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாயும் ஆனது. அந்த விலையையும் கொடுத்து, 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் திரளாக மனுத்தாக்கல் செய்தனர். 185 பேர் நின்ற அத்தொகுதியில் வாக்குச்சாவடி ஒவ்வொன்றிலும் 12 வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக வைக்க நேர்ந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகளான கவிதா தோற்றார். விவசாயிகள் கேட்ட தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மஞ்சள் சந்தைக்குப் பெயர்பெற்ற ஈரோட்டின் அருகிலுள்ள மொடக்குறிச்சியில், 2021 சட்டமன்றத் தேர்தலில் சுப்புலட்சுமி ஜெகதீசன் மீண்டும் போட்டியிட்டு, பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். அதே தொகுதியில் 1996இல் 250 ரூபாய் கட்டி மனுக்கொடுத்துக் களத்தில் நின்றவர்களின் எண்ணிக்கை இதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல்.