துருத்தியில் பறந்த விமானம்

1934 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட், தனியார் கம்பனிகளின் விமானத் தபால் ஒப்பந்தங்களை இரத்துச் செய்து அப்பணியை இராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைத்தார். அது கடுங்குளிர்காலம். இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பதற்கு அந்த விமானிகளுட் பலருக்குப் போதிய பயிற்சி இருக்கவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தப் பயிற்சியைத் தரையிலேயே வழங்கக்கூடிய பொறியொன்று, அவ்வேளையில் களியாட்டப் பூங்காக்களில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது.

அதைச் செய்தவர் எட்வின் லிங்க். நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்ரன் நகரில் அவரது தந்தையார் தானியங்கிப் பியானோக்களையும் திரையரங்குகளுக்கான ஓர்கன்களையும் தயாரித்து வந்தார். மௌனப் படங்களுக்குப் பின்னணி இசை வழங்கியவை இந்த ஓர்கன்களே. 1927 இல் பேசும்படம் வந்ததும் அத்தொழிலின் வேர் அறுந்தது. மகனுக்கோ விமானப் பித்து. பறக்கப் பழகுவதற்கு ஆகும் செலவு அவரை உறுத்தியது. கையில் இருந்ததோ ஓர்கன் செய்யும் வித்தை.

1929 இல் அவர் உருவாக்கிய பொறி, குட்டைச் சிறகுகள் கொண்ட ஒரு மரப்பெட்டி. அதன் அடியில் ஓர்கன் துருத்திகள். உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் வால்வுகள் திறந்து மூடும். ஒரு துருத்தி சுருங்கும், மற்றொன்று விரியும். பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். பின்னர் கருவிப் பலகையும், வெளியுலகை மறைக்கும் மூடியும் சேர்ந்தன. இருட்டில் அமர்ந்து, உடல் சொல்வதை நம்பாமல் முள் காட்டுவதை நம்பப் பழகுவதே பயிற்சி.

விமானத் துறையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வாங்கியோரிற் பெரும்பாலோர் பூங்கா உரிமையாளர்களே. லிங்கின் மேதைமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ, ஐந்தாண்டுகள் அதைக் கண்டும் காணாதிருந்தவர்களே அதிகம் வியப்பளிக்கிறார்கள். விளையாட்டுப் பொருள் என்ற பெயர் ஒட்டிவிட்டால் அறிவாளிகளின் கண்ணும் மறைந்துவிடும் போலும்.

தபால் விபத்துக்களின் பின்னரே இராணுவம் அவரை நியூவார்க்குக்கு அழைத்தது. அன்று கடும் மூடுபனி. லிங்க் வரமாட்டார் என்று அதிகாரிகள் எண்ணியிருக்க, அவர் தமது விமானத்திலேயே வந்திறங்கினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவ்வாண்டிலேயே, ஒன்று 3,500 டொலர் வீதம் 6 பொறிகள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 10,000 பொறிகள் உருவாகியிருந்தன.

துருத்தியின் காலமும் நீடிக்கவில்லை. 1944 இல் அமெரிக்கக் கடற்படைக்காக மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பொறித் திட்டம் தொடங்கியது. ஜே பொறஸ்டர் தலைமையிலான குழு அதற்கென எண்ணிமக் கணினியொன்றை அமைக்க முற்பட்டது. நாளடைவில் பயிற்சிப் பொறி கைவிடப்பட, கணினியே மிஞ்சியது. அதுதான் ‘வேர்ல்விண்ட்’. பின்னர் வந்த பயிற்சிப் பொறிகளில் ஓர்கன் துருத்தியின் இடத்தை இலத்திரனியலும் கணினியும் பிடித்துக்கொண்டன.

1996 இல் அமெரிக்க மரைன் படையினர் சிலர், கடைகளில் விற்பனையான ‘டூம் 2’ என்ற கணினி விளையாட்டை எடுத்து, அதிலிருந்த பேய்களை அகற்றிப் படைவீரர்களை நிறுத்தினர். நால்வர் கொண்ட சிறு அணிகள் அதில் பயிற்சி பெற்றன. பூங்காவிலிருந்து பாசறைக்குப் போன பாதையில் இம்முறை போனது கடையில் வாங்கிய விளையாட்டு.