மேல்சிறுவலூர் மூசையும் ஃபாரடேயின் சவரக்கத்தியும்

ஆவாரம்பூவில் டீ போடுகிறோம், எருக்கம்பூவைப் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம். இந்த இரண்டு செடிகளையும் வைத்து நம் கொல்லர்கள் எஃகு செய்திருக்கிறார்கள்.

கல்வராயன் மலையிலும் சேலத்துக் கஞ்சமலையிலும் காந்தக்கல் உண்டு. அத்தகைய கல்லைக் கரியோடு உருக்கி எடுத்த இரும்பை நறுக்கி, உமி கலந்த மண் மூசைக்குள் திணிப்பார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை, அதற்கு மேல் களிமண் அடைப்பு. 20, 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால், குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் இறங்கிவிடும். மூசையை உடைத்தால் உள்ளங்கையளவு எஃகுக் கட்டி. அதில் கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம். இன்று வீடு கட்டும் கம்பியில் அது 0.3 சதவீதத்தைத் தாண்டாது.

தென்னிந்தியாவில் பல இடங்களில் இந்த வித்தை இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா எஃகு பாரசீகம் போனதைப் பிரெஞ்சு வணிகர் தவர்னியே எழுதியிருக்கிறார். அந்த எஃகில் மேற்காசியக் கொல்லர்கள் அடித்த வாள்களில் நீரலை போல வரிகள் ஓடின. பெயர் மட்டும் டமாஸ்கஸுக்குப் போய்விட்டது.

1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகைப் பிடித்துக்கொண்டார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்தார். இந்திய எஃகின் ரகசியம் அலுமினியம் என்று ஃபாரடே முடிவுகட்டினார். அது தவறு. ஆனால் அந்தத் தவறுதான் பிளாட்டினம், வெள்ளி, ரோடியம், குரோமியம் என்று ஒவ்வொன்றாக எஃகில் கலந்து பார்க்க வைத்தது. நண்பர்களுக்குத் தன் கலப்பெஃகில் சவரக்கத்தி செய்து கொடுத்தார். 1820, 1822இல் கட்டுரைகள் வந்தன. பிறகு அந்த வேலை நின்றுபோனது.

அடுத்தவர், சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசயா ஹீத். நான் மேலே சொன்ன செய்முறை அவர் எழுதிவைத்ததுதான். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசும் கரியும் சேர்ந்த சேர்மத்தை எஃகில் போடும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முகவராக இருந்த அன்வினோ மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசைக்குள் போட்டு, காப்புரிமையைத் தாண்டினார். ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே வந்தது. இதை அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அதே மாங்கனீசை 12, 13 சதவீதம் வரை ஏற்றி, 1882இல் ஷெஃபீல்டின் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் புது எஃகு கண்டார். அடிக்க அடிக்கக் கடினமாகும் எஃகு அது. கல் உடைக்கும் கிரஷர்களின் தாடைத் தகடு அதில்தான் வார்க்கப்படுகிறது. 1931இல் ஃபாரடே விட்டுப்போன 79 எஃகுத் துண்டுகளை ஆராய்ந்து பார்த்தவரும் இந்த ஹாட்ஃபீல்ட்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, செம்பு உருக்கிய தடயங்களைத் தேடிவந்த உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மேல்சிறுவலூரில் உடைந்த மூசைகளைக் கண்டார். 1994இல் வெளியான அவருடைய கட்டுரை, மூசை ஓட்டில் ஒட்டியிருந்த உலோகத் துணுக்குகளில் கார்பன் மிகுந்த எஃகு இருந்ததைக் காட்டியது.