எர்லி பைண்டிங், லேட் பைண்டிங்: பங்குச்சந்தை மென்பொருளை நிரல் இயக்கிய கதை

பங்கு வணிகம் செய்பவர்களின் மாலை நேர வேலை தினமும் ஒன்றுதான். அன்றைய விலைப் பட்டியலை இறக்க வேண்டும், வரைபட மென்பொருளில் ஏற்ற வேண்டும், சேமிக்க வேண்டும், பிறகு எக்செலில் கணக்குப் பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரு சிறு நிரலே செய்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! ஆனால் ஒரு மென்பொருள் இன்னொன்றை வேலை வாங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. எதிரில் இருக்கும் மென்பொருளின் கட்டளைகளை நிரல் எப்போது தெரிந்துகொள்கிறது? எழுதித் தொகுக்கும்போதே என்றால் எர்லி பைண்டிங். ஓடும்போதுதான் என்றால் லேட் பைண்டிங்.

தொடக்கம்

1987ல் விண்டோஸ் 2.0 உடன் டி.டி.இ. என்ற முறை வந்தது. சந்தை விலைகள் எக்செல் கட்டங்களில் தாமாக மாறிக்கொண்டே இருந்தது இதனால்தான். ஆனால் தகவலையும் எழுத்து வடிவக் கட்டளைகளையும் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது.

1993ல் மைக்ரோசாப்ட் காம் என்ற அடித்தளத்தையும் அதன் மேல் ஓ.எல்.இ. ஆட்டோமேஷனையும் கொண்டு வந்தது. அதே ஆண்டில்தான் எக்செல் 5ல் வி.பி.ஏ. மொழி சேர்ந்தது. இதன் மையம் ஐடிஸ்பேட்ச் என்ற இடைமுகம். "இம்போர்ட் என்ற கட்டளை உன்னிடம் உண்டா? அதன் எண் என்ன?" என்று நிரல் முதலில் கேட்கும். எண் கிடைத்ததும் அந்த எண்ணைச் சொல்லி வேலையை வாங்கும். இதுவே லேட் பைண்டிங்.

1995ல் விஷுவல் பேசிக் 4 வந்தபோது எர்லி பைண்டிங் எளிதானது. மென்பொருளின் கட்டளைப் பட்டியலான டைப் லைப்ரரியை மொழி முன்கூட்டியே படித்துக்கொள்ளும். எழுத்துப்பிழை இருந்தால் தொகுக்கும்போதே பிடித்துவிடும். பெயர் கேட்டு எண் வாங்கும் படி இல்லாததால் வேகமும் அதிகம்.

இரண்டிலும் சிக்கல் உண்டு

வணிகவியல் மொழியில் சொன்னால் எர்லி பைண்டிங் முன்பேர ஒப்பந்தம் போன்றது. நிபந்தனைகள் முதலிலேயே முடிவாகிவிடும். ஒரு தரப்பு பின்னர் மாறினால் தகராறுதான்! வெளியிட்ட இடைமுகத்தை மாற்றக்கூடாது, புதியது வேண்டுமானால் தனி இடைமுகம் எழுத வேண்டும் என்பது காம் விதி. அதை மீறிக் கட்டளைகளின் வரிசையை மாற்றினால், பழைய நிரல் ஒன்றைக் கூப்பிட நினைத்து இன்னொன்றைக் கூப்பிடும். எக்செல் 2003 நூலகத்தை இணைத்து எழுதிய நிரல், எக்செல் 97 மட்டும் உள்ள கணினியில் நூலகத்தைக் காணவில்லை என்று நின்றுவிடும்.

அதனால் பலர் எர்லி பைண்டிங்கில் எழுதிச் சோதித்து, பிறருக்குக் கொடுக்கும்போது லேட் பைண்டிங்குக்கு மாற்றினார்கள். அப்போது எக்செலின் மாறிலிகள் நிரலுக்குத் தெரியாது. 'எக்ஸ்எல்அப்' என்று எழுதிய இடத்தில் -4162 என்ற மதிப்பைத் தாமே தர வேண்டியிருந்தது.

போலந்தின் டோமாஸ் ஜானெச்கோ உருவாக்கிய அமிபுரோக்கர் இதற்கு நல்ல உதாரணம். 1995ல் அமிகா கணினிக்காகத் தொடங்கிப் பின்னர் விண்டோஸுக்கு வந்த மென்பொருள் இது. 'புரோக்கர்.அப்ளிகேஷன்' என்ற பெயரைச் சொல்லி ஒரு பொருளை உருவாக்கினால் விலைகளை ஏற்றலாம், தரவுத்தளத்தைச் சேமிக்கலாம். அதன் கையேட்டில் உள்ள ஜேஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டுகள் லேட் பைண்டிங் முறையிலேயே ஓடுகின்றன. அந்த மொழிக்கு வேறு வழி தெரியாது.

பணம் போகும் இடம்

வேகத்தை விடப் பெரிய விஷயம் பிழை எந்த நாளில் தெரிய வருகிறது என்பதுதான். ஒரு நிரலில் பங்கை வாங்கும் பகுதி தினமும் ஓடும். விலை சரிந்தால் விற்கும் பகுதி எப்போதாவதுதான் ஓடும். அந்த வரியில் கட்டளைப் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தால், லேட் பைண்டிங்கில் மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. சந்தை சரியும் நாளில்தான் விஷுவல் பேசிக் 438 என்ற பிழை எண்ணைக் காட்டும். 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று எழுதியிருந்தால் அதுவும் காட்டாது. விற்றுவிட்டது போலவே நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். பங்கு கையிலேயே இருக்கும்!

பிறகு வந்தவை

2002ல் வந்த விஷுவல் பேசிக் டாட்நெட்டில் 'ஆப்ஷன் ஸ்ட்ரிக்ட்' போட்டால் லேட் பைண்டிங்குக்கு அனுமதியே இல்லை. ஆனால் 2010ல் சி ஷார்ப் 4 'டைனமிக்' என்ற சொல்லைச் சேர்த்து அதே கதவை மறுபடி திறந்தது. பைத்தான் மொழியின் வின்32காம் தொகுப்பில் இன்றும் இரண்டு வழிகளும் உள்ளன.

மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும்வரை லேட் பைண்டிங்குக்குத் தேவை இருக்கும். மனிதர்கள் தட்டச்சில் தவறும்வரை எர்லி பைண்டிங்குக்கும் தேவை இருக்கும். எதைத் தேர்ந்தாலும், அபூர்வமாக ஓடும் அந்த விற்பனை வரியைச் சந்தை மூடியிருக்கும்போதே ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் நஷ்டம் குறைவு.