குளிர்கால டயரின் கதை

நோக்கியா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது செல்போன். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியதால் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் இன்னும் நெருக்கமானது. ஆனால் பின்லாந்தில் நோக்கியா என்பது ஓர் ஊரின் பெயர். செல்போன் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் டயருக்குப் பெயர் பெற்றிருந்தது. குளிர்கால டயரின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாதாரண டயர் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது! ரப்பர் குளிரில் இறுகும் பொருள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக, கோடைக்கால டயரின் ரப்பர் கெட்டிப்பட்டுச் சாலையைப் பற்றும் திறனை இழக்கிறது. அதோடு டயர் பட்டன்களுக்கு இடையே பனி அடைத்துக்கொண்டால், டயர் மொட்டை டயர் போலவே வழுக்கும்.

நோக்கியாவில் பிறந்த டயர்

1898இல் ஹெல்சின்கியில் தொடங்கப்பட்ட பின்லாந்து ரப்பர் தொழிற்சாலை, 1904இல் நோக்கியாவுக்கு இடம் மாறியது. அந்நாட்டின் நீண்ட குளிர்காலத்தில் லாரிகள் பனியில் சிக்கி நிற்பது வாடிக்கை. அதற்குத் தீர்வாக 1934இல் லாரிகளுக்கென 'கெலிரெங்காஸ்' என்ற டயர் வந்தது. உலகின் முதல் குளிர்கால டயர் என்று கருதப்படுவது இதுதான். ஆழமான காடிகளுடன் பனியைக் கடித்துக்கொண்டு ஓடும்படி அது வடிவமைக்கப்பட்டிருந்தது. 1936இல் கார்களுக்கான 'ஹக்கபெலீத்தா' வந்தது. 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் சுவீடன் அரசனுக்காகப் போரிட்ட பின்லாந்துக் குதிரைப்படை வீரர்களின் பெயர் அது. 'வெட்டித் தள்ளு' என்ற பொருள் தரும் அவர்களது போர்க்குரலிலிருந்து அந்தப் பெயர் உண்டானது.

ஆணி வந்தது, தூசியும் வந்தது

பனிக்குவியலைக் கடக்கக் காடிகள் போதும். இறுகிக் கண்ணாடி போலாகிவிட்ட பனிக்கட்டி மீது ஓட அவை போதாது. 1961இல் நோக்கியா தொழிற்சாலை ஆணி பதித்த டயரைக் கொண்டுவந்தது. டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு ஆணிகள் பனிக்கட்டியைக் குத்திப் பிடித்தன. இந்த வகை டயர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரவியது.

ஆனால் பனி இல்லாத இடத்தில் அதே ஆணி தார்ச்சாலையைச் சுரண்டியது. சாலைகள் பள்ளமானதால் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1971இலும், மேற்கு ஜெர்மனி 1975இலும் ஆணி டயரைத் தடை செய்தன.

ஜப்பானின் செண்டாய் நகரில் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. 'மரங்களின் நகரம்' என்று புகழப்பட்ட ஊர் அது. அங்கே பனி விழும், சீக்கிரமே உருகியும் விடும். ஆகவே குளிர்காலத்தின் பெரும்பகுதியில் ஆணி டயர்கள் வெறும் தார் மீதே ஓடின. அரைபட்ட தார்த்தூள் காற்றில் கலந்தது. 1980களின் தொடக்கத்தில் மக்கள் முகமூடி அணிந்து நடக்க வேண்டிய நிலை வந்தது. ஓட்டுநருக்குக் கிடைத்த பாதுகாப்பின் விலையை நடந்து போனவர்களின் நுரையீரல் கொடுத்தது!

தடை கேட்டவர்களுக்கு எதிராக, ஆணியை எடுத்தால் விபத்து பெருகும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் உயிரைப் பற்றிய கவலைதான். செண்டாய் அமைந்துள்ள மியாகி மாகாணம் 1985இல் தனிச் சட்டம் இயற்றியது. 1990இல் ஜப்பான் முழுவதற்குமான சட்டம் வந்தது. இடைப்பட்ட காலத்தில், 1988இல் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 'பிளிசாக்' என்ற ஆணியில்லா டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம். பிளிசாக்கின் ரப்பரில் இருந்த நுண்ணிய குமிழ்த் துளைகள் அந்த நீரைப் பஞ்சு போல உறிஞ்சின. பின்லாந்தில் ஆணி டயர் இன்றும் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் ஆணிகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

பக்கச்சுவரில் உள்ள எழுத்துகள்

அடுத்த சிக்கல், எது உண்மையான குளிர்கால டயர் என்பது. சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் 'எம்+எஸ்' எழுத்துகளை எந்தச் சோதனையும் இல்லாமல் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ள முடிந்தது. அதனால் 1999இல் வட அமெரிக்காவில் புதிய முத்திரை வந்தது: மூன்று சிகர மலை, அதன் நடுவே ஒரு பனிப்பூ. பனிச்சாலையில் நடத்தும் சோதனையில் தேறிய டயருக்கே இது கிடைக்கும். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் 2010 முதல் பனிச்சாலைகளில் அது கட்டாயம். வெறும் 'எம்+எஸ்' டயர்களுக்கு அங்கே தரப்பட்ட சலுகை 2024 செப்டம்பரோடு முடிந்தது. மலிவு என்று அவற்றை வாங்கியவர்களுக்கு அங்கே அவை இப்போது பனிக்கு உதவாது.

அளவும் இப்படிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே. 205/55 ஆர்16 என்றால் டயரின் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 'ஆர்' என்பது ரேடியல். பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு.

இந்தக் கணக்கில்தான் பணம் மிச்சமாகும். 225/45 ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 டயருக்குச் சுமார் 632. கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் வேகமானி பெரிதாக மாறாது. ஆனால் சிறிய ரிம்முக்கான டயர் பொதுவாக விலை குறைவு. குறுகிய டயர் புதுப்பனியைப் பிளந்துகொண்டு போவதும் எளிது. ஆனால் அந்த ரிம்முக்குள் காரின் பிரேக் அடங்க வேண்டும், டயரின் சுமைக் குறியீடும் குறையக் கூடாது. அனுமதிக்கப்பட்ட அளவுகளைக் காரின் கையேட்டில் பார்க்கலாம்.

பழைய டயர் வாங்குவோர் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று தயாரிப்புத் தேதி. 2000ஆம் ஆண்டு முதல் அது நான்கு இலக்கம். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். மற்றொன்று பட்டனின் ஆழம். ஐரோப்பாவில் பொதுவான சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர். ஆஸ்திரியாவிலோ, 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த ரேடியல் டயரைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை. பாதி விலைக்கு வாங்கிய டயர் ஒரே பருவத்தில் குப்பைக்குப் போகலாம். செலவைக் குறைக்க முன்சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் போடுவதும் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடும்.

மலிவான டயர் எல்லாம் மோசமும் அல்ல, விலை உயர்ந்ததெல்லாம் பொருத்தமும் அல்ல. மலை முத்திரை, சரியான அளவு, நான்கு இலக்கத் தேதி ஆகிய மூன்றும் பக்கச்சுவரிலேயே இருக்கின்றன. விலை கேட்பதற்கு முன் அவற்றைப் படித்துவிடுவது நல்லது.